பருவநிலை நிதியைக் கடனாகத் தந்தால் என்ன தப்பு?

கேள்வி: பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பருவநிலை நிதி தருகின்றன. அதைக் குறைந்த வட்டிக் கடனாகத் தந்தால் என்ன தப்பு?

நான் காரைக்குடிப் பக்கம். வட்டிக்கு விட்டு வீடு கட்டிய ஊர்க்காரன் இதைத் தப்பென்று சொல்லமாட்டான் என்று நினைப்பீர்கள். கடன் கொடுப்பதில் தப்பில்லைதான். எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் பேச்சு.

முதலில் கணக்கு. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-ல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் வளர்ந்த நாடுகள் சொன்னன. பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி கணக்குப்படி அதை எட்டியதே 2022-ல்தான். அந்த ஆண்டு தந்த அரசுப் பணத்தில் ஏறக்குறைய 69 சதவீதம் கடன், மானியம் 28 சதவீதம். கடன் வாங்கிச் சூரிய மின் நிலையம் போட்டால் சரி, மின்சாரத்தை விற்று அடைக்கலாம். புயலில் போன வீட்டுக்கும் உப்பேறிய வயலுக்கும் வாங்கினால் எதை விற்று அடைப்பது?

இதை வட்டிக்கு விடப் போன எங்கள் பக்கத்துச் செட்டியார்கள் பர்மாவில் பார்த்தார்கள். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, அங்கே ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். 1930 வாக்கில் உலகச் சந்தையில் நெல் விலை விழுந்தது. விவசாயி வட்டி கட்ட முடியவில்லை, அடமானம் மூழ்கியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. அப்புறம் ஜப்பான் படை வந்தது, 1948-ல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது, கொடுத்தவர்களுக்கும் எல்லாம் போயிற்று. எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இன்னும் சில புரோநோட்டுகள் கிடக்கின்றன. ஓரமெல்லாம் செல்லரித்து, கைநாட்டு மை பழுப்பேறி, பர்மிய எழுத்தில் யார் யார் பேரோ.

விலையை விழவைத்தது அந்த விவசாயி இல்லை. பருவநிலையிலும் கதை அதுதான். இதுவரை வெளியான கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி, இந்தியாவுடையது 3 சதவீதம்போல. பசிபிக் தீவுகளுடையது கணக்கிலேயே வராது, ஆனால் கடல் முதலில் ஏறுவது அங்கேதான். பருவநிலைப் பேரிடரில் அடிபட்ட ஏழை நாடுகளுக்கென்று இழப்பு, சேத நிதி ஒன்றை 2022-ல் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு துபாய் மாநாட்டில் அமெரிக்கா அதற்கு அறிவித்தது 1.75 கோடி டாலர். மொய் எழுதுகிறவன்கூட இதைவிடத் தாராளமாக எழுதுவான்!

2024-ல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். கிடைத்தது 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்ற வாக்கு. அதில் எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்று பிரித்து எழுதவில்லை. எனக்கு உறுத்துவது அந்தத் தொகையைவிட இதுதான்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பணம் தரக் கடமைப்பட்ட நாடுகளின் பட்டியல் 1992-ல் ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையில் போட்டது. சீனாவும் சவுதியும் சிங்கப்பூரும் அதில் கிடையாது. அதைத் திருத்தச் சொல்லி ஐரோப்பா கேட்பது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை, மானியத்தின் அளவையும் அதே தாளில் எழுதிக் கொடுப்பதாக இருந்தால்.