காலாங் உள்ளரங்கில் எங்கே உட்காரலாம்? – வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூர் காலாங்கில் உள்ள இண்டோர் ஸ்டேடியம் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்த அரங்கம் இது. 1989 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. அதிகபட்சம் சுமார் 12,000 பேர் அமரலாம். திரையிசைக் கச்சேரிக்கும் பேட்மிண்டன் போட்டிக்கும் ஒரே கூரை என்பதால்தான் கேள்விகளும் இத்தனை விதமாக வருகின்றன.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை குடும்பத்தோடு சேர்ந்து கச்சேரிக்குப் போக ஆசை. டிக்கெட்டை இங்கிருந்தே எப்படி வாங்குவது? – திருச்சி வாசகி

முதல் வேலை வங்கி ஆப்பில் இருக்கிறது. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். விற்பனைக்கு முதல் நாளே அதைத் திறந்து, வரம்புத் தொகையையும் உயர்த்தி வையுங்கள். டிக்கெட் தளத்தில் கணக்கும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். விற்பனை ஓடும்போது கணக்கு தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்துகொண்டிருந்தால் நல்ல இருக்கைகள் போய்விடும்.

நேரத்தைக் கவனியுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. அங்கே பகல் 12 மணிக்கு விற்பனை என்றால் திருச்சியில் காலை 9.30. பெரிய நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் காத்திருப்பறை வைப்பார்கள். விற்பனை தொடங்கும் முன் உள்ளே வந்துவிட்டவர்களுக்கு வரிசை எண் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் விழும். ஆகவே ஐந்து மணி நேரம் முன்னால் போய் உட்கார வேண்டியதில்லை. அரை மணி முன்பு போதும். அதன்பின் பக்கத்தை மறுபடி மறுபடி ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், இடம் பறிபோகலாம். ஓடிபி வரும் சிம் கையில் இருக்கட்டும்.

இடம் கிடைக்காவிட்டால் முகம் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். மின்டிக்கெட்டில் இருப்பது ஒரு கியூஆர் குறியீடு. அதையே பத்துப் பேருக்கு அனுப்பலாம்; வாசலில் முதலில் ஸ்கேன் செய்தவர் மட்டும் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேருக்கும் பணம் போனதுதான். தயாரிப்புக் குழுவுக்கென ஒதுக்கிய இருக்கைகளைக் கடைசி வாரத்தில் விற்பனைக்கு விடுவது உண்டு. அதிகாரபூர்வத் தளத்தையே தினம் ஒருமுறை பாருங்கள்.

விலை உயர்ந்த டிக்கெட் வாங்கியும் மேடை சரியாகத் தெரியவில்லை என்று தோழிகள் புலம்புகிறார்கள். எதைப் பார்த்து இருக்கை தேர்ந்தெடுப்பது? – ஈசூன் வாசகி

இந்த அரங்கின் பெரிய வசதி, உள்ளே தூண் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் கட்டடம் எதையும் மறைப்பதில்லை. மறைப்பவை எல்லாம் அன்றைய நிகழ்ச்சிக்காக உள்ளே வந்தவை: கூரையிலிருந்து தொங்கும் ஸ்பீக்கர் வரிசை, கேமரா மேடை, ஒலிக்கலவை மேசை, விளக்குக் கோபுரம். போன வருடம் நன்றாகத் தெரிந்த அதே இருக்கை இந்த வருடம் மோசமாக இருப்பது அதனால்தான். பழைய அனுபவத்தை நம்பாமல், அந்த நிகழ்ச்சிக்கென்று வெளியிட்ட இருக்கைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

படத்தில் முதலில் மேடை எங்கே என்று பாருங்கள். ஒரு முனையில் மேடை போட்டால் அதன் பின்னாலுள்ள பகுதிகளை மூடிவிடுவார்கள். மேடையின் விளிம்புக்கு நேராக இடமும் வலமும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டை ஒட்டிய பக்கவாட்டுப் பகுதிகளில் உட்கார்ந்தால் பாடகர் கிட்டத்தில்தான் இருப்பார், ஆனால் பக்கவாட்டு முகம்தான் தெரியும். பின்னாலுள்ள எல்இடி திரையில் பாதி தெரியாது. தொங்கும் ஸ்பீக்கர் குறுக்கே நிற்கும். கோட்டிலிருந்து இரண்டு மூன்று பகுதிகள் தள்ளி வந்தால் மேடையும் திரையும் சேர்ந்து பார்வைக்குள் வந்துவிடும்.

அடுத்தது தரைத்தள நாற்காலிகள். பெரும்பாலும் விலை அதிகம் இவற்றுக்குத்தான். புலம்பலும் இங்கிருந்துதான் அதிகம் வருகிறது. தரை சமதளம். மேடையின் உயரம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர்தான் இருக்கும். முதல் எட்டுப் பத்து வரிசைகளுக்கு அது போதும். இருபதாவது வரிசைக்கு மேல் முன்னால் இருப்பவர்களின் தலையும், தூக்கிப் பிடித்த கைபேசிகளும் மேடையை விழுங்கிவிடும். இரண்டாவது பாட்டுக்கே எல்லோரும் எழுந்து நின்றுவிட்டால், உயரம் குறைந்தவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் மூன்று மணி நேரம் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே காசுக்கோ, இன்னும் குறைவாகவோ, படிவரிசை தொடங்கும் இடத்தில் கீழ்த்தட்டு இருக்கை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட உயரம் என்பதால் பார்வை மறையாது.

மேல்தட்டு மலிவு, மேடை முழுதும், விளக்கு அமைப்பும் நடனமும் ஒரே வீச்சில் தெரியும். முகபாவம் பார்க்கத் திரைதான் துணை. அங்கே படிகள் செங்குத்து. பெரியவர்களோடு போனால் நடைபாதை ஓர இருக்கையாக, தட்டின் நுழைவாயிலுக்கு அருகிலுள்ள வரிசையாகப் பாருங்கள். சக்கர நாற்காலி இடங்கள் எண்ணிக்கையில் குறைவு. இணையத்தில் சாதாரண டிக்கெட் எடுத்துவிட்டு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல், டிக்கெட் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணில் கேட்டு முன்பதிவு செய்யுங்கள்.

‘பார்வை மறைக்கப்பட்ட இருக்கை’ என்று குறிப்பு போட்டு விற்றால் எது மறைக்கிறது என்று கேளுங்கள். திரையின் ஒரு மூலை மட்டும் மறைகிறதென்றால் அந்த விலைக்கு அது நல்ல இருக்கை. மேடையே மறைகிறதென்றால் வேண்டாம்.

ஒரே அரங்கில் ஓரிடத்தில் பாட்டு தெளிவாகக் கேட்கிறது, இன்னோரிடத்தில் வெறும் இரைச்சல். ஏன்? ஆறு வயது மகனை அழைத்துப் போகலாமா? – கிள்ளான் வாசகர்

பெரிய உள்ளரங்குகளில் தாழ்ந்த சுருதி ஒலி சுவரிலும் கூரையிலும் பட்டு நெடுநேரம் சுழலும். டிரம்ஸும் பேஸும் சுழல, பாடகரின் மெய்யெழுத்துகள் அதில் அமுங்கிப்போகும். சொற்கள் புரியாமல் போவது இதனால்தான். ஒலிப்பொறியாளர் உட்காரும் மேசை பெரும்பாலும் தரைத்தளத்தின் பின்பகுதியில், நடுக்கோட்டில் இருக்கும். அவர் தன் காதில் விழுவதை வைத்தே அளவுகளைச் சரிசெய்கிறார். அந்த மேசைக்கு அருகிலும், அதற்கு நேர் பின்னாலுள்ள கீழ்த்தட்டிலும் கேட்பதுதான் அவர் நினைத்த ஒலிக்கு மிக நெருக்கம். கச்சேரியைக் கேட்கவென்றே போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தேடி வாங்குங்கள்.

இன்னொன்று: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், தவில்காரரின் கை இறங்கி 0.2 நொடி கழித்தே அடி காதுக்கு வரும். கோளாறு ஒன்றுமில்லை, தூரம் செய்கிற வேலை.

மகனை அழைத்துப் போகலாம், காது மூடியோடு. வேலையிட ஒலிக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். கச்சேரி இடங்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன உச்ச சராசரியே 100 டெசிபல். சிறுவர்களின் காதுத் துளைக்குப் பெரியவர்களின் பஞ்சு அடைப்பான் சரியாகப் பொருந்தாது. தலைப்பட்டையோடு வரும் காது மூடிதான் நல்லது. போகும் முன் வீட்டில் அரை மணி போட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் அங்கே கழற்றி எறிவான். பெரியவர்கள் பஞ்சு அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் உள்ள இருக்கை குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். குழந்தைக்குத் தனி டிக்கெட் தேவையா என்பதும் குறைந்தபட்ச வயதும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும்.

சிங்கப்பூர் ஓப்பன் பேட்மிண்டன் பார்க்க வருகிறேன். பக்கவாட்டில் உட்காருவதா, கோர்ட்டின் பின்னாலா? – கோவை வாசகர்

நீங்களும் விளையாடுகிறவர் என்றால் பின்னால். தொலைக்காட்சிக் கேமரா இருக்கும் அந்தப் பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில். 6.1 மீட்டர் அகலம் முழுவதும் கண்முன் விரியும். யார் யாரை எந்த மூலைக்கு இழுக்கிறார் என்பது புரியும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஸ்மாஷின் செங்குத்தும், வலையருகே மயிரிழையில் புரளும் ஷட்டிலும் தெரியும். தொடக்கச் சுற்றுகளில் பல கோர்ட்டுகளில் ஒரே நேரம் ஆட்டம் நடக்கும். அப்போது பக்கவாட்டு மேல்தட்டு மலிவும்கூட, எல்லாவற்றையும் பார்க்கவும் முடியும். அரையிறுதி, இறுதிக்கு அங்கே காசு போடாதீர்கள். ஒரே கோர்ட்டு, தொலைவில்.

ஒரு விஷயத்தைக் கண்வைத்துப் பாருங்கள். ஷட்டிலின் எடை 5 கிராம் அளவுதான். குளிர்சாதனக் காற்று ஒரு திசையில் மெல்ல ஓடினாலே அது நகரும். காற்றை முதுகில் வாங்கும் பக்கத்திலிருந்து தூக்கி அடித்தால் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழும். அதனால் அந்தப் பக்கத்தில் ஆடுகிறவர் கையை அடக்கி, வலையருகிலும் தாழ்வாகவும் ஆடுவார். எதிர்ப்பக்கத்துக்காரர் முழுவீச்சில் ஓங்கி அடிப்பார். கேம் முடிந்து பக்கம் மாறியதும் இருவரின் ஆட்டமும் மாறுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது கேமின் நடுவில் மறுபடி பக்கம் மாறுவார்கள். அங்கேதான் பல ஆட்டங்கள் திரும்புகின்றன. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. சர்வீஸ் போடும் நேரத்தில் எழுந்து நடக்கவும் கூடாது.

தேக்காவில் (லிட்டில் இந்தியா) தங்குகிறோம். எந்த ரயில்? நிகழ்ச்சி முடிந்து ஜொகூர் பாரு திரும்புகிறவர்களுக்கு என்ன வழி? – இரு கடிதங்கள் சேர்த்து

லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதையில் ஏறுங்கள். மூன்றாவது நிறுத்தம் புரொமனாட். அங்கே வட்டப் பாதைக்கு (சர்க்கிள் லைன்) மாறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்டேடியம். சாங்கி விமான நிலையத்திலிருந்து வந்தால் தானா மேராவில் மாறி, பாய லேபாரில் இறங்கி, வட்டப் பாதையில் மூன்று நிறுத்தம். பெட்டியோடு அரங்கத்துக்குப் போகாதீர்கள், முதலில் தங்குமிடம். தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையையே ரயில் கதவில் தட்டலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் உண்டு. ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும்.

திரும்பும்போதுதான் நெரிசல். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஸ்டேடியம் நிலையத்துக்குள் இறங்கப் பார்ப்பார்கள். நடக்க முடிந்தவர்கள் அங்கே நிற்காமல், வட்டப் பாதையிலேயே அடுத்த நிலையமான மவுண்ட்பேட்டனுக்கோ, கிழக்கு மேற்குப் பாதையிலுள்ள காலாங் நிலையத்துக்கோ போய்விடலாம். பத்துப் பதினைந்து நிமிட நடை. ஆற்றின் குறுக்கே நடைபாலம் வழியாகப் போனால் 2024இல் திறந்த தஞ்சோங் ரூ நிலையம்.

ஜொகூர்க்காரர்கள் வட்டப் பாதையில் கால்டிகாட் போய், தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதைக்கு மாறி உட்லண்ட்ஸ் சேர்ந்து, 950 பேருந்தில் கடல்பாலம் கடக்கலாம். ரயிலுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசி ரயில் உங்கள் நிலையத்திலிருந்து எப்போது என்று பார்க்காமல், மாற வேண்டிய நிலையத்தில் எப்போது என்று பாருங்கள். பலர் தவறவிடுவது அதைத்தான். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டர் டாக்சிக்கு 50 சதவீதம் கூடுதல். டாக்சிதான் என்று முடிவானால் அரங்க வாசலில் அழைக்காதீர்கள், ஒரு தெரு தள்ளி நடந்து அழையுங்கள்.

பையில் என்ன கொண்டுபோகலாம்? – மதுரை வாசகர்

சிறு பை. வழக்கமான வரம்பு 35 × 20 × 30 சென்டிமீட்டர், ஆனால் உங்கள் டிக்கெட் பக்கத்தில் போட்டிருப்பதே இறுதி. வெளிச் சாப்பாடு, லென்ஸ் மாற்றும் கேமரா, செல்ஃபி குச்சி வாசலிலேயே நின்றுவிடும். மெல்லிய சால்வையோ ஸ்வெட்டரோ கட்டாயம். மேல்தட்டில் குளிர் அடிக்கும். மின்சிகரெட் வைத்திருப்பதே சிங்கப்பூரில் குற்றம் என்பதால் அதை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள்.