‘ஹெவி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் உண்டா?

மழையும் ஹெவி, மனசும் ஹெவி, சாப்பாடும் ஹெவி, டிராஃபிக்கும் ஹெவி. இத்தனைக்கும் பொருந்துகிற ஒரு தமிழ்ச் சொல் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று இல்லை. இல்லாததே நல்லது என்பேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது ‘ஹெவி ஹார்ட்’ என்பதை ‘எடையான இதயம்’ என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டும். தப்பு பிள்ளை மேல் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நாம்தான் பழக்கிவிட்டோம்.

என் அப்பா லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டுக்குள் ‘ஹெவி’ என்ற சொல் அவருடைய லைசென்ஸோடுதான் வந்தது. “அவரு ஹெவி வெச்சிருக்காரு” என்றால் ஊரில் எல்லாருக்கும் புரியும். ஆனால் வண்டியைப் பற்றிப் பேசும்போது அப்பா அந்தச் சொல்லைத் தொடவே மாட்டார். எடைமேடைச் சீட்டில் அச்சாகி வருவது எடை. வண்டியில் ஏறுவது லோடு. கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு தெற்கே போகும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து வண்டியை நெட்டித் தள்ளுவது பாரம். “பாரம் தள்ளும்டா, அங்க நியூட்ரல்ல விட்டவன் பொழைக்க மாட்டான்” என்பார். சின்ன கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்பினால், அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கல் ஒன்றுதான். மேடையில் நிற்கும்போது எடையாக இருந்தது, இறக்கத்தில் பாரமாகிவிடுகிறது.

சொற்களின் பிறப்பைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். ‘ஹெவி’ என்பது ‘ஹீவ்’ என்ற வினைக்குச் சொந்தம். முக்கித் தூக்குவதுதான் ஹீவ். நம் எடையும் அப்படித்தான். தடு, தடை, கொடு, கொடை, எடு, எடை. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள், கையால் எடுத்துப் பார்த்துத்தான் கனத்தை அறிந்திருக்கின்றன. நாம் வடமொழியிலிருந்து வாங்கிய ‘பாரம்’ ஆங்கிலத்தின் ‘பர்டன்’ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பங்காளி. இரண்டுக்கும் வேர் ஒன்று. லத்தீனில் கனமானதை ‘கிராவிஸ்’ என்பார்கள். ‘கிராவிட்டி’ அதிலிருந்து வந்தது. அதோடு பிறந்ததுதான் வடமொழியின் ‘குரு’. குரு என்றால் முதலில் கனமானது என்றுதான் பொருள், ஆசிரியர் என்பது பிறகு. அதற்கு எதிர்ச்சொல் ‘லகு’. நாம் ‘இலகு’ என்று சொல்வது அதைத்தான். யோசிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பாண்டர்’ என்று ஒரு சொல் இருக்கிறது, அதன் அடியில் இருப்பதும் எடைதான். நாம் சீர்தூக்கிப் பார்க்கிறோம் அல்லவா, அதே தராசு. ஓசூர்ப் பக்கம் சந்தைக்குப் போனால் கன்னடக்காரர் எடையை ‘தூக’ என்பார். அதுவும் நம் ‘தூக்கு’தான். பக்கத்திலேயே தெலுங்குக்காரர் ‘பருவு’ என்பார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கனம். ‘தலை பாரமா இருக்கு’ என்றால் சளி பிடித்திருக்கிறது, ஆவி பிடிக்க வேண்டும். ‘தலைக்கனம்’ என்றால் ஆவி பிடித்தாலும் போகாது. தலை ஒன்றுதான், பக்கத்தில் நிற்கும் சொல் மாறியதும் நோயே மாறிவிடுகிறது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். இங்கே கனம் காசு. முன்பெல்லாம் நீதிபதியைக் ‘கனம்’ சேர்த்து அழைத்தார்கள். அங்கே அது மரியாதை.

மழையிலும் கனம் உண்டு, அதற்குக் கணக்கும் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் வானிலைத் துறைக்குக் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்த வாரம் ஊரில் யாரும் கனமழை என்று சொல்லிக் கேட்கவில்லை. பேய்மழை என்றுதான் சொன்னார்கள்.

சாப்பாட்டுக்கு வந்தால், ராகிக் களி சாப்பிட்ட வயிறு ‘திம்முன்னு’ இருக்கும். அதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. டிராஃபிக்குக்கு நெரிசல், நஷ்டத்துக்குப் பெருத்த, சேதத்துக்குப் பலத்த, தண்டனைக்குக் கடுமையான. இவையெல்லாம் எளிது, பழகினால் வந்துவிடும்.

மனசுக்கு மட்டும் நிதானமாகத் தேட வேண்டும். மனசு கனக்கும், பாரமாகவும் இருக்கும், ஆனால் எடை போடாது. சுமை வேண்டுமானால் சுமக்கலாம், இறக்கியும் வைக்கலாம். இந்த இறக்கி வைப்பது ‘ஹெவி’யில் இல்லை, நம் சுமையில் இருக்கிறது.

இதை எனக்குக் காட்டியது எங்கள் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கி. நட்ட கல் இரண்டு, மேலே குறுக்கே ஒரு பலகைக் கல், ஆள் தோள் உயரம். தலைச்சுமையோடு நடந்து வருபவர் யார் உதவியும் இல்லாமல் அதன் மேல் நகர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம், பிறகு அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமல் வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இப்படிக் கல் வைப்பது நம்மிடம் பழைய வழக்கம். ஆங்கிலத்தில் நிறைமாதக்காரியை ‘ஹெவி வித் சைல்ட்’ என்பார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் ஊர்க் கல் என் ஆயாவின் அக்காவுக்காக வைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயா மாங்காய்க் கூடையோடு போச்சம்பள்ளிச் சந்தைக்கு நடப்பாள், நானும் கூடவே ஓடுவேன். அந்த இடம் வந்ததும் நின்று, சும்மாட்டோடு கூடையைக் கல்லின் மேல் நகர்த்துவாள். நகர்த்தும்போது ஒவ்வொரு தடவையும் மெதுவாகச் சொல்வாள்: “அக்கா, கொஞ்சம் புடிச்சுக்கோ.”