படிவத்தில் அவர் பெயர்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்கக் குடிமகன். இப்போது கிடைத்திருக்கும் வேலைக்கு, அரசு ரகசியங்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு அனுமதி வேண்டும். நான் மணக்கவிருக்கும் பெண் இந்தியக் குடிமகள், அங்கேயே வேலை பார்க்கிறாள். "நிச்சயதார்த்தமே ஆகவில்லை, படிவத்தில் எழுதாதே" என்கிறான் நண்பன். கொஞ்ச நாள் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன். என்ன செய்யட்டும்?

கே.

அன்புள்ள கே.,

எழுதிவிடுங்கள். பேச்சையும் குறைக்க வேண்டாம்.

இந்த அனுமதிக்காக நீங்கள் நிரப்பும் எஸ்எஃப்-86 படிவம் நிச்சயதார்த்தம் ஆனதா என்று பார்ப்பதில்லை. பாசத்தாலோ கடமையாலோ உங்களோடு பிணைந்திருக்கும் வெளிநாட்டவர் யார், கடந்த 7 ஆண்டுகளில் யாரோடு நெருங்கிய தொடர்பு என்றுதான் கேட்கிறது. மாதம் ஒருமுறை பேசினாலும் அவர் நீங்கள் மணக்கவிருக்கும் பெண்தானே?

அனுமதி தருவதற்கு 13 வழிகாட்டுதல்கள் உண்டு. அதில் ஒன்று வெளிநாட்டுச் செல்வாக்கு. அவர் எந்த நாட்டவர், அந்த அரசோடோ ராணுவத்தோடோ தொடர்பு உண்டா, அவரை வைத்து யாராவது உங்களை நெருக்க முடியுமா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவில் உங்கள் வேர் எவ்வளவு ஆழம் என்பதையும் சேர்த்தே எடைபோடுவார்கள். மறைத்தால் விஷயம் வேறு. அது உங்கள் நேர்மை பற்றிய கேள்வியாகிவிடும். தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறைகூட உண்டு. மிரட்டுபவனுக்குத் தேவை ஒரு ரகசியம். அதை நீங்களே ஏன் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்?

அமெரிக்காவின் அணுகுண்டு உருவாக்கத்தை வழிநடத்திய விஞ்ஞானி ஓப்பன்ஹைமரைப் பாருங்கள். 1954-இல் அவருடைய மனைவி, தம்பி, முன்னாள் காதலி எல்லோரையும் பற்றி அவருடைய பாதுகாப்பு அனுமதி குறித்த விசாரணையில் துருவினார்கள். அவரை ஒழிக்க நினைத்தவர்களுக்கு ஹைட்ரஜன் குண்டுக்கு அவர் காட்டிய எதிர்ப்பே போதும், அரசியல் அதில் நிறைய. ஆனால் அவர்கள் கையில் வலுவாகச் சிக்கியது, நண்பர் ஷெவாலியேவைக் காப்பாற்ற 1943-இல் பாதுகாப்பு அதிகாரிகளிடம் அவர் சொன்ன பொய். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டபோது, நான் ஒரு முட்டாள் என்பதால் என்றார். அனுமதி பறிபோனது. அந்த விசாரணையே முறையற்றது என்று அரசு அந்த முடிவை ரத்து செய்தது 2022-இல். அவர் இறந்து 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு இன்றும் ஆறவில்லை.

உண்மையைச் சொன்னால் வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். சந்தேகம் வந்தால் தேசப் பாதுகாப்பின் பக்கமே முடிவெடுப்பார்கள். பாதுகாப்பு அனுமதி யாருக்கும் உரிமை இல்லை என்று 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படி இந்த வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடலாம். ஒரு படிவத்துக்காக அவரை இல்லாதவர் ஆக்காதீர்கள்.

அப்புறம், அவருடைய பெயர், பிறந்த தேதி, முகவரி, வேலை பார்க்கும் இடம் எல்லாம் அந்தப் படிவத்தில் போகும். முதலில் அவரிடம் சொல்லுங்கள். அனுமதி கிடைத்தபின் திருமணம் நடந்தால் அதையும் அலுவலகப் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். எப்போது, எப்படி என்று அந்த அதிகாரியிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.