லூப்பரை (வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் கால் பெடல்) மிதித்த உடனே பதிவு நிற்கவில்லையே, இது பிழையா?

பெரும்பாலும் இல்லை. செய்தவர்கள் நினைத்தபடி கருவி நடந்தால் அது வசதி. நினைக்காதபடி நடந்தால் பிழை, அதாவது பக். பல லூப்பர்களில் 'குவாண்டைஸ்' என்ற அமைப்பு உண்டு. மிதித்தாலும் தாளக்கட்டு முடியும்வரை அது காத்திருக்கும். இல்லையென்றால் கால் சற்றுப் பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் இடறும். போர்ட் லூயி பஸ்ஸில் மணி அடித்தால் அடுத்த நிறுத்தத்தில்தானே நிற்கிறது, அதே மாதிரி.

நம் மொரீஷியஸில் பாரம்பரிய சேகா இசை வாசிப்பவர்கள்தான் பாவம். சேகா 6/8 தாளம், அதாவது தாளக்கட்டுக்கு ஆறு அடி. கருவி 4/4-இல், அதாவது நான்கு அடியில் இருந்தால் சுற்றின் கடைசியில் வெற்றிடம் விழலாம். நல்ல வாசிப்பு வீணாவதைப் பார்க்க மனசு கேட்காது. முதலில் தாள அளவை மாற்றுங்கள், அப்புறம் குவாண்டைஸை அணைத்துப் பாருங்கள். அப்போதும் பதிவு நீண்டால் பக்காக இருக்கலாம்; கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

பக் என்றால் பெடல் உடைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கோளாறு உள்ளிருக்கும் மென்பொருளில்தான்.