ப்ரீ எக்ளாம்ப்சியாவும் ரத்தக் குழாய்களும்: மகப்பேறு மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் புரதம் போகிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது மருத்துவமனையில் சேரத்தான் வேண்டுமா?

பதில்: சேருங்கள். 20 வாரங்களுக்குப் பிறகு புதிதாக 140/90 அல்லது அதற்கு மேல் அழுத்தம் நீடித்து, அதனுடன் சிறுநீரில் புரதமோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஆகியவற்றில் பாதிப்போ தெரிந்தால் அது ப்ரீ எக்ளாம்ப்சியா. தொந்தரவு இல்லை என்பதால் நோய் லேசானது என்று ஆகிவிடாது. கடும் தலைவலி, கண்ணில் மின்னல் வெட்டுவது போன்ற தோற்றம், வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல், 160/110 அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசர நிலை.

கேள்வி: இதை ரத்தக் குழாய் நோய் என்கிறார்களே, நஞ்சுக்கொடிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: கருப்பைச் சுவரில் சுருள் சுருளாக ஓடும் சிறு தமனிகள் உண்டு. இயல்பான கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் ஊடுருவி, சுவரிலுள்ள தசையை அகற்றி, அகன்ற, தளர்ந்த குழாய்களாக மாற்றிவிடுகின்றன. இந்நோய் வரும் பெண்கள் பலரிடம் இந்த மாற்றம் பாதியில் நின்றுவிடுவதால், போதிய ரத்தம் கிடைக்காத நஞ்சுக்கொடி எஸ்.எஃப்.எல்.டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தக் குழாய்களின் உட்படலத்தை நலமாக வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை இந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொள்வதால், உடல் முழுவதும் அப்படலம் பழுதடைகிறது. சிறுநீரகத்தில் புரதம் கசிவதும், மூளையில் வலிப்பு வருவதும், கல்லீரல் பாதிக்கப்படுவதும் இதனால்தான். 2003-இல் அனந்த் கருமாஞ்சி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தை எலிகளின் உடலில் மிகுதியாக்கியபோது, உயர் அழுத்தம், புரதக் கசிவு, சிறுநீரக வடிகட்டிகளில் இந்நோய்க்கே உரிய வீக்கம் ஆகிய மூன்றும் தோன்றின. அழுத்தம் ஏறுவது நோயின் ஒரு முகம் மட்டுமே என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: உப்பைக் குறைத்து, படுத்தே இருந்தால் தவிர்க்கலாமா?

பதில்: இல்லை. இந்நோயைத் தடுப்பதற்கென்று இரண்டையுமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

கேள்வி: பிரசவம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா, டாக்டர்?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் மூலகாரணம் நீங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரைதான் அழுத்தம் பெரும்பாலும் உச்சம் தொடுகிறது. இந்நோய் முதன்முதலாகப் பிரசவத்துக்குப் பின்னரே தலைகாட்டுவதும் உண்டு. எனவே ஆறு வாரம் வரை கண்காணிப்பு தேவை.

அதன் பிறகும் கதை முடிவதில்லை. இந்நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கும், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கும் ஆகின்றன. முன்பே பலவீனமாக இருந்த ரத்தக் குழாய்களைக் கர்ப்பம் வெளிக்காட்டுகிறது என்பதற்கும், நோயே அவற்றில் தழும்பு விட்டுச் செல்கிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. நாற்பத்தைந்து வயதில் நெஞ்சுவலியோடு வரும் பெண்ணிடம் அவருடைய பிரசவங்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள்; புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அடுத்த குழந்தைக்கு முயல்கிறோம். மறுபடியும் வராமல் தடுக்க வழி உண்டா?

பதில்: முழுமையாகத் தடுக்க இயலாது, குறைக்கலாம். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து மிகுந்த பெண்களுக்கு 11 முதல் 14 வாரங்களுக்குள் தொடங்கி 36-ஆம் வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க நேரும் வகை நோய் பாதிக்கு மேல் குறைந்தது. சுருள் தமனிகள் மாறும் காலத்திலேயே தொடங்க வேண்டியிருப்பதால், கர்ப்பம் உறுதியானவுடனேயே மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். இப்போது அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், அவை கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதால், முயற்சியைத் தொடரும் முன் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.