வலிக்கவில்லை என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. குளிக்கும்போது வலது விதையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. கால்பந்து வீரர் ஹாலருக்கு விதையில் புற்றுநோய் வந்தது என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்லக் கூச்சம். சில மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இந்த வாரமே யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆண் உறுப்பு நோய்கள்) டாக்டரைப் பாருங்கள். வலி இல்லாததால்தான் அவசரப்படுத்துகிறேன். விதைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியே இல்லாத கெட்டியான கட்டியாகத்தான் ஆரம்பிக்கும். 15 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கே அதிகம் வரும்.

உங்களுக்கு இருப்பது அதுதான் என்று இப்போதே சொல்ல முடியாது. வெறும் நீர்க்கட்டியாக இருக்கலாம். விதைக்குப் பின்பக்கம் எல்லோருக்கும் இருக்கும் சுருள் குழாயில் வீக்கமாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

ஹாலர் பெயரைப் பார்த்துப் பயந்தீர்கள். மீதிக் கதையையும் கேளுங்கள். 2022ல் ஜெர்மனியின் முதன்மைக் கால்பந்து லீக்கான பன்டஸ்லிகாவில் அடுத்தடுத்து நான்கு வீரர்களுக்கு விதையில் கட்டி இருந்தது தெரியவந்தது. பௌம்கார்ட்ல், ரிக்டர், ஹாலர், போயட்டியஸ். நால்வரும் முப்பதைத் தாண்டாதவர்கள், நல்ல உடல்கட்டு உள்ளவர்கள். யாரும் மறைக்கவில்லை. ரிக்டர் ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் மைதானத்துக்கு வந்துவிட்டார். ஹாலருக்குக் கீமோதெரபியும் தேவைப்பட்டது. ஆனாலும் டார்ட்மண்ட் அணிக்காக அவர் முதல் கோல் அடித்தது 2023 பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் தினத்தன்று! அடுத்த வருடம் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் ஐவரி கோஸ்டின் வெற்றி கோலும் அவருடையதுதான். எங்கள் விழிப்புணர்வுத் துண்டுப் பிரசுரங்களால் உடைக்க முடியாத கூச்சத்தை இந்த நால்வரும் உடைத்தார்கள். அதற்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தாலும், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். அந்த விதையை எடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கோ குழந்தை பிறப்பதற்கோ பொதுவாக அது போதும். கீமோ தேவைப்பட்டால், அதற்கு முன்பே விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதங்கள் தள்ளிப்போட்டால் வயிற்றுக்குள் நெறிகட்டிப் பரவக்கூடும். சிகிச்சையும் நீளும்.

சின்ன வயதில் விதை கீழே இறங்காமல் ஆபரேஷன் செய்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது உங்களுக்கே நினைவிருக்காது, அம்மாவுக்குத்தான் தெரியும். வீட்டில் பேச்சை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.