பழைய டீசல் பிக்கப்பில் கேம்பர் ஏற்றலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிக்கப்பின் பின்தொட்டியில் அப்படியே உட்காரும் கேம்பர்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் சக்கரம் கிடையாது. படுக்கை, டிரைவர் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வேண்டாதபோது நான்கு மூலை ஜாக்கில் நிறுத்திவிட்டு வண்டியை வெளியே எடுத்துவிடலாம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், டாட்ஜ் ராமின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ற இரண்டு டீசல் எஞ்சின் வண்டிகளையும் பற்றியவை. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த வண்டிகள். பட்டறையில் நான் அதிகம் கைவைத்தவையும் இவைதான்.

ஹூஸ்டன் அன்பர்: என்னிடம் 1999 ராம் 2500, கம்மின்ஸ், நான்கு சக்கர டிரைவ் இருக்கிறது. ஒரு கேம்பர் விலைக்கு வந்திருக்கிறது, எடை 2,400 பவுண்டு என்கிறார்கள். "இந்த எஞ்சின் மலையையே இழுக்கும், தாராளமா ஏத்து" என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா சார்?

எஞ்சின் இழுக்கும், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கேம்பரைச் சுமப்பது எஞ்சின் அல்ல. பின் ஆக்சிலும் ஸ்பிரிங்கும் ரிம்மும் டயரும்தான் சுமக்கின்றன.

டிரைவர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பாருங்கள். மொத்த எடை வரம்பு, அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆர்., உங்கள் ராமில் பெரும்பாலும் 8,800 பவுண்டு என்று இருக்கும். இப்போது வரும் வண்டிகளைப் போல "இவ்வளவு ஏற்றலாம்" என்று அந்தக் காலத்து ஸ்டிக்கரில் நேராகப் போட்டிருக்க மாட்டார்கள். நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும். டேங்கை நிரப்பி, வழக்கமாக வருகிறவர்களை உட்காரவைத்து, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேலுக்குப் போங்கள். நம் ஊர் எடை மேடை மாதிரிதான், ஆனால் முன் ஆக்சில், பின் ஆக்சில் எடைகளைத் தனித்தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள்.

முன்னால் 4,000, பின்னால் 2,600 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,600. மிச்சம் 2,200தான். கம்மின்ஸ் எஞ்சினே ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு இருக்கும். அதனால்தான் அதே மாடல் பெட்ரோல் வண்டியைவிட டீசலில் குறைவாக ஏற்ற வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டுப் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள்.

இனி அந்த 2,400க்கு வருவோம். அது காலி கேம்பரின் எடை. தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 30 கேலன் பிடித்தாலே 250. நிரப்பிய சிறிய புரொப்பேன் சிலிண்டர் இரண்டுக்கு 75. பேட்டரி, கூரை ஏ.சி., வெயில் பந்தல், பாத்திரம், அரிசி, துணிமணி, நாற்காலி எல்லாம் சேர்ந்தால் 3,200 பக்கம் போய்விடும். மொத்த எடை வரம்பைவிட ஆயிரம் பவுண்டு கூடுதல். பின் ஆக்சிலில் 5,800. உங்கள் வண்டிக்கு வந்த எல்.டி. 245/75 ஆர்16 ஈ-ரேட்டிங் டயர் ஒன்று 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,042 பவுண்டு தாங்கும், இரண்டும் சேர்ந்து 6,084. விளிம்பில் நிற்கிறீர்கள்.

இந்தக் கேம்பர் உங்கள் வண்டிக்கு வேண்டாம். கூரை மடங்கும் பாப்-அப் வகையில், எல்லாம் ஏற்றியும் 2,000க்குள் அடங்குவதாகத் தேடுங்கள். இதையேதான் வேண்டும் என்றால், பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள 3500தான் அதற்கு ஏற்ற வண்டி.

டொராண்டோ அன்பர்: வணக்கம் அண்ணை. என்னட்ட 2002 ஃபோர்டு எஃப்-350, பின்னால ஒற்றைச் சில்லு. நிறுத்துப் பார்த்தனான், எடை வரம்புக்குள்ளதான் நிக்குது. ஆனா காம்பர் ஏத்தினாப் பிறகு பின்பக்கம் பதியுது, வளைவுகளில ஆட்டம் கூட. எயார் பாக் போட்டாக் காணும் எண்டு கடையில சொல்லுறாங்கள். உண்மையோ?

நிறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டீர்களே, அதற்கே நன்றி தம்பி. ஏர் பேக், அதாவது ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப் பை, பதிவதைச் சரிசெய்யும், ஆட்டத்தை அவ்வளவாகக் குறைக்காது. எடை வரம்பையும் ஒரு பவுண்டுகூடக் கூட்டாது. கடையில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

முதலில் கேம்பர் இல்லாமல் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் கட்டுக்கு மேலே தனியாக ஒரு தடித்த பட்டை இருக்கும், அதுதான் ஓவர்லோட் பட்டை. அதன் இரண்டு முனைகளுக்கும் நேரே சேஸில் ஒரு தாங்கி இருக்கும், இடையில் கொஞ்சம் இடைவெளி தெரியும். சுமை ஏறும்போது முனை போய்த் தாங்கியில் உட்கார வேண்டும். பாதிச் சுமையில் அது தொட்டும் தொடாமலும் இருந்தால், வண்டி அந்த இடைவெளி அளவுக்கு இரு பக்கமும் சாய்ந்து விளையாடும். நீங்கள் சொல்லும் ஆட்டத்தில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். தாங்கியில் தடித்த ரப்பர் கட்டை வைத்தால் பட்டை முன்கூட்டியே வேலைக்கு வந்துவிடும். செலவு குறைவு, பலன் உடனே தெரியும்.

அடுத்தது பின்பக்கத்துக்கு ஒரு கனமான ஸ்வே பார், வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி அது. அதன் பிறகு நல்ல ஷாக் அப்சார்பர். பின் டயரில் காற்று 80. இவ்வளவும் செய்த பிறகு கடைசியாக ஏர் பேக். அதிலும் இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜும் அடுப்பும் ஒரே பக்கம் இருக்கும் கேம்பர்கள் உண்டு, அந்தப் பக்கம் மட்டும் கூடுதல் காற்று தேவைப்படும். ஒரே குழாயாக இருந்தால் வளைவில் ஒரு பையின் காற்று அடுத்ததற்கு ஓடி ஆட்டம் இன்னும் கூடும்.

இன்னொன்று, உங்கள் ஊருக்கென்றே சொல்கிறேன். ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். இந்த ஃபோர்டுகளில் ஸ்பிரிங்கைச் சேஸோடு பிடித்திருக்கும் ஹேங்கரும் ஷேக்கிளும் துருவில் கரைவது எல்லா மெக்கானிக்கும் அறிந்த விஷயம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. அப்பளம் மாதிரி ஏடு ஏடாகப் பெயர்ந்தால் அதை மாற்றாமல் கேம்பரை ஏற்றாதீர்கள். மேலே எவ்வளவு புதுச் சாமான் போட்டாலும் அந்த ஷேக்கிள் அறுந்தால் எல்லாம் போச்சு.

சான் ஹோசே அன்பர்: டயர் வாங்கிப் பத்து வருடம் ஆகிறது, ஆனால் பட்டன் எல்லாம் புதிதாகவே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள். ரப்பருக்கு வயதுதான் கணக்கு. பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். காலி பிக்கப்பில் இந்த டயர் பேசாமல் ஓடும். முழுச் சுமையில், ஆகஸ்ட் வெயிலில், நெவாடாப் பக்கம் போகும்போதுதான் வெடிக்கும். மாற்றும்போது எல்.டி. 265/75 ஆர்16 ஈ-ரேட்டிங் பொருந்துமா என்று பாருங்கள், ஒன்று 3,415 பவுண்டு தாங்கும். ரிம்மின் உட்புறத்தில் பொறித்திருக்கும் எடையையும் பார்த்துவிடுங்கள், அலாய் ரிம்கள் சிலவற்றில் டயரைவிட அது குறைவு.

டென்வர் அன்பர்: 2000 எஃப்-250, 7.3, ஆட்டோமேட்டிக். ஐ-70இல் ஐசன்ஹோவர் டனலைத் தாண்டி இறங்கும்போது பிரேக் வாசனை வருகிறது. ஏறும்போதும் வண்டி திணறுகிறது. பவர் கூட்ட சிப் போடலாமா அண்ணா?

சிப் இப்போதைக்கு வேண்டாம். முதலில் இரண்டு மீட்டர் போடுங்கள். ஒன்று டர்போவுக்கு முன்னால் புகைக்குழாயின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர். மற்றது டிரான்ஸ்மிஷன் ஆயிலின் வெப்பம். அந்த டனல் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் முழு ஆக்சிலேட்டரில் ஏற்றினால் புகை வெப்பம் விறுவிறுவென்று ஏறும். 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காலை எடுத்துக் கியரைக் குறைத்து, லாரிகளோடு வலது லேனிலேயே போய்விடுங்கள். டிரான்ஸ்மிஷன் ஆயில் 200 வரை சாதாரணம், 220ஐத் தாண்டினால் ஓரங்கட்டி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஆறவிடுங்கள். அடுத்து வந்த 6.0 லிட்டர் ஃபோர்டின் பெரிய டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலரை உங்கள் வண்டியில் பொருத்தலாம். நிறையப் பேர் செய்திருக்கிறார்கள், நல்ல பலன். சிப் எரிபொருளைக் கூட்டிவிடும், அதாவது இந்த இரண்டு வெப்பத்தையும் இன்னும் ஏற்றிவிடும்.

இறங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. மேற்கே சில்வர்தார்ன் பக்கம் இறங்கும் சரிவு 7 சதவீதம் வரை போகும். டீசலில் பெட்ரோல் எஞ்சினைப் போல த்ராட்டில் தகடு கிடையாது, அதனால் காலை எடுத்தாலும் எஞ்சின் அவ்வளவாக வண்டியைப் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே ஓவர்டிரைவை அணைத்துக் கீழ்க் கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே போகாமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்க விடுங்கள். வாசனை வந்த பேடைக் கழற்றிப் பாருங்கள், கண்ணாடிபோல் மினுங்கினால் மாற்ற வேண்டியதுதான். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் தரைவரை போய்விடும். ரப்பர் ஹோஸ் வண்டியோடு வந்ததாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்கவைக்கும் நல்ல எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்று போட முடிந்தால் கட்டாயம் போடுங்கள். கம்மின்ஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 12 வால்வ் எஞ்சினில் இதற்கு எக்ஸாஸ்ட் வால்வ் ஸ்பிரிங்கைக் கடினமானதாக மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கால டாட்ஜ் ஆட்டோமேட்டிக்கில் காலை எடுத்ததும், எஞ்சினைக் கியர்பெட்டியோடு இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு விடுபட்டுவிடும், பூட்டைப் பிடித்துவைக்கத் தனிக் கன்ட்ரோலர் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் பிரேக்கால் பயனில்லை.

சியாட்டில் அன்பர்: அலாஸ்காவரை போகும் திட்டம். வண்டி 2001 ராம், 24 வால்வ். நடுவழியில் நிற்காமலிருக்க எதை முதலில் பார்ப்பது?

டீசல் பம்பு. உங்கள் எஞ்சினில் இருப்பது வி.பி.44 இன்ஜெக்‌ஷன் பம்பு. டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக்கொடுக்கும் சின்ன லிஃப்ட் பம்பு சத்தமில்லாமல் செத்துப்போகும். அழுத்தம் குறைந்தால் விலை உயர்ந்த வி.பி.44 உயவும் குளிர்ச்சியும் இல்லாமல் கெட்டுப்போகும். டேஷ்போர்டில் டீசல் அழுத்த மீட்டர் இல்லாமல், அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்கும் டாசன் க்ரீக்கைத் தாண்டாதீர்கள்.

ஃபோர்டு 7.3 வைத்திருப்பவர்களுக்கு: கேம் பொசிஷன் சென்சார் ஒன்றும் 10 எம்.எம். ஸ்பேனர் ஒன்றும் கிளவ் பாக்ஸில் இருக்கட்டும். அது போனால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் சட்டென்று நின்றுவிடும், மாற்றுவதோ சின்ன வேலை.

டாலஸ் அன்பர்: என் பிக்கப்பின் தொட்டி ஆறரை அடி. எட்டடித் தொட்டிக்கான கேம்பர் மலிவாகக் கிடைக்கிறது. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என்ன?

நீட்டிக்கொண்டிருப்பதைவிட, எடை எங்கே இறங்குகிறது என்பதுதான் கேள்வி. கேம்பரின் பக்கவாட்டில் ஈர்ப்பு மையக் குறி இருக்கும். ஏற்றிய பிறகு அது பின் ஆக்சிலுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டீயரிங் பிடிப்பை இழக்கும், மழையில் தெரியும் அதன் ஆபத்து.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கேம்பர் இல்லாமல் எடுத்த கேட் ஸ்கேல் சீட்டையும், ஏற்றிய பிறகு எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டேங்கில் டீசல், உள்ளே ஆட்கள் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்கட்டும். முன் ஆக்சில் எடை கொஞ்சம் கூடியிருந்தால் நல்லது. குறைந்திருந்தால் கேம்பர் அந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. நீங்கள் சொல்லும் ஜோடியில் பெரும்பாலும் குறையும். மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சேக்ரமெண்டோ சகோதரி: கையில் 3,000 டாலர்தான் இருக்கிறது அண்ணா. வண்டி 1997 ராம் 3500, இரட்டைச் சக்கரம். எதில் தொடங்குவது?

நல்ல வண்டி எடுத்திருக்கிறீர்கள் அம்மா. கலிஃபோர்னியாவில் 1998 மாடலிலிருந்து வந்த டீசல்களுக்குத்தான் புகைச் சோதனை, உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. முதலில் ஆறு டயர், பிறகு பிரேக். மிச்சத்தில் கேம்பரை இழுத்துக் கட்ட, சேஸில் பொருத்தும் டை-டவுன் கொக்கிகள். தொட்டியின் தகட்டில் போல்ட் போட்டுக் கட்டுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள், தகடு கிழிந்து வந்துவிடும். தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் இருந்தால் கழற்றிவிட்டுத் தடித்த ரப்பர் பாய் விரியுங்கள். இதற்குச் செலவு கொஞ்சம்தான், கேம்பர் வழுக்காது. பணம் மிஞ்சினால் முன் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸோடு பிடித்திருக்கும் டிராக் பாரைப் பாருங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இங்குமங்கும் அசைக்க, இன்னொருவர் அடியில் பார்த்தால் ஜாயின்ட் தளர்ந்திருப்பது தெரியும்.

அட்லாண்டா அன்பர்: கேம்பர் பேட்டரியை வண்டியிலிருந்தே சார்ஜ் செய்யலாமா?

செய்யலாம். டிரெய்லர் பிளக்கில் வரும் மெல்லிய வயரை மட்டும் நம்பாதீர்கள், போய்ச் சேரும் முன் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். வண்டி பேட்டரியிலிருந்து தடித்த வயர், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், கேம்பர் பக்கம், இறங்கிய வோல்ட்டேஜைத் தூக்கிக்கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர். எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படி இணைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினாலும், காலையில் எஞ்சின் ஸ்டார்ட் எடுக்க வண்டி பேட்டரிகளில் சக்தி இருக்கும்.